டாலஸ் போகிற தம்பிக்கு: பில்லுக்கு மேல் எவ்வளவு வைக்கணும்?

போன மாதம் லீவில் கிருஷ்ணகிரி வந்திருந்தபோது, வெளிநாடு கிளம்பும் மூன்று பேரோடு ராயக்கோட்டை சாலையில் ஒரு மெஸ்ஸில் மதியச் சாப்பாடு. காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என் சித்தி மகன் டாலஸ் போகிறான், கம்பெனி அனுப்புகிறது. அவனோடு படித்த பாலக்கோட்டுப் பையனுக்கு சிங்கப்பூரில் வேலை. அரூர்ப் பெண் ஒருத்தி மேற்படிப்புக்கு லண்டன் போகிறாள். சாப்பிட்டு முடித்ததும் சோம்புத் தட்டில் பில் வந்தது, 680 ரூபாய். தம்பி 700 வைத்துவிட்டு எழுந்தான். எழுந்தவன் என்னைப் பார்த்து, "அங்கயும் இப்படி மீதியை விட்டுட்டு வந்தா போதுமாண்ணா?" என்று கேட்டான்.

போதாது. அன்றைக்கு அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன். நம் பக்கத்திலிருந்து கிளம்புகிற பிள்ளைகளுக்கு விசா, வீடு, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது. ஓட்டலில் எவ்வளவு வைத்துவிட்டு எழ வேண்டும் என்பதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

முதலில் அமெரிக்கா. நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான்.

அமெரிக்க மத்தியச் சட்டப்படி, டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 2.13 டாலர். இது 1991லிருந்து ஏறவே இல்லை. மற்ற தொழிலாளிகளுக்கான மத்தியக் குறைந்தபட்சச் சம்பளம் 7.25 டாலர், 2009ல் வைத்தது. டிப்ஸையும் சேர்த்து 7.25 வரவில்லை என்றால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும். ஆக, நீ மேசையில் வைக்கும் பணத்தை நம்பித்தான் அந்தச் சம்பளமே வகுக்கப்பட்டிருக்கிறது. டாலஸ் இருக்கும் டெக்சாஸில் இந்த 2.13 கணக்குதான். கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன் போன்ற ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க முடியாது. ஆனாலும் அங்கேயும் டிப்ஸ் வழக்கம் அப்படியேதான் இருக்கிறது.

நம்மூரில் சப்ளையருக்கு வைக்கிற பத்து இருபது, மனசு குளிர்ந்து தருவது. வைக்காமல் போனாலும் அவருக்குச் சம்பளமும் இரண்டு வேளைச் சாப்பாடும் உண்டு. அமெரிக்காவில் அதே மேசையில் வைக்கும் பணம் கூலியின் பெரிய பங்கு. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி வெறும் கணக்கு.

இதை எனக்குச் சொல்லித்தர வேண்டிய அவசியமே இருந்திருக்கக் கூடாது. என் அப்பா கிருஷ்ணகிரி பைபாஸில் பஸ் நிற்கும் ஓட்டல் ஒன்றில் பல வருஷம் சப்ளையராக இருந்தவர். பௌர்ணமி ராத்திரி என்றால் பெங்களூரிலிருந்து திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற பஸ்கள் வரிசையாக நிற்கும். அன்றைக்கு விடிகாலையில் வீட்டுக்கு வந்து, சட்டைப் பையைத் திண்ணையில் கவிழ்த்து, ஒரு ரூபாய் தனி, இரண்டு ரூபாய் தனி என்று அடுக்குவார். சாம்பார் வாசனை அடிக்கும் நாணயங்கள். எனக்கு ஸ்கூல் நோட்டு வாங்கியது அந்த அடுக்கிலிருந்துதான்.

அப்படிப்பட்டவருடைய மகன் நான், டாலஸ் போன புதிதில் ஒரு ராத்திரி 46 டாலர் பில்லுக்கு 2 டாலர் வைத்துவிட்டு எழுந்தேன். பரிமாறிய அம்மா எங்கள் கோக் டம்ளரை நான்கு முறை நிரப்பியிருந்தார். கேட்காமலேயே காரமான சாஸ் கொண்டுவந்து வைத்தார். பில் அட்டையைத் திறந்து பார்த்தவர், "சாப்பாட்டில் ஏதாவது குறையா?" என்று மெதுவாகக் கேட்டார். "எல்லாம் நன்றாக இருந்தது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் ஏன் கேட்டார் என்பது சில வாரம் கழித்து, ஆபீஸில் ஒருவர் விளக்கிய பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படி எந்திரிச்சுப் போனவங்க மூஞ்சி சிலது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்குடா" என்றார்.

சரி, கணக்குக்கு வருவோம். உட்கார வைத்துப் பரிமாறும் ஓட்டலில் 15 முதல் 20 சதவீதம். பெரிய ஊர்களில் இப்போது 18, 20 என்பதே சாதாரணம். 15 வைத்தால் தப்பில்லை, ஆனால் நன்றாகக் கவனித்துக்கொண்டவருக்கு அது குறைவாகத்தான் படும். வரிக்கு முந்தைய தொகையில் கணக்குப் போட்டால் போதும்.

மெனுவில் போட்டிருக்கும் விலையில் அங்கே வரி சேர்ந்திருக்காது. டாலஸில் விற்பனை வரி 8.25 சதவீதம். இரண்டு பேர் 40 டாலருக்குச் சாப்பிட்டால் வரி 3.30, பில் 43.30. இருபது சதவீதம் டிப்ஸ் 8 டாலர். மொத்தம் 51.30. அவசரத்துக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: பில்லில் இருக்கும் வரியை இரண்டால் பெருக்கு, டாலஸில் அது பதினாறரை சதவீதம் வரும். அதற்கு மேல் ஒரு டாலர் இரண்டு டாலர் சேர்த்துவிடு. வரி குறைவாக இருக்கும் மாநிலத்தில் இந்தக் குறுக்கு வழி காலை வாரிவிடும்.

8 டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் 600க்கு மேல் போகும், கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது. அதனால் டிப்ஸைத் தனிச் செலவாக நினைக்காதே. மெனுவைத் திறக்கும்போதே, போட்டிருக்கும் விலைக்கு மேல் முப்பது சதவீதம் சேர்த்துத்தான் அந்தத் தோசையின் விலை என்று நினைத்துக்கொள். அது கையில் இல்லாத நாளில் பார்சல் வாங்கிக்கொண்டு போய் ரூமில் சாப்பிடு. அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு டிப்ஸில் மிச்சம் பிடிப்பதுதான் தப்பு.

பணம் கட்டும் விதமும் நம்மவர்களை மிரள வைக்கும். பல ஓட்டல்களில் சர்வர் உன் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். ஓடிபி வராது, பின் நம்பர் கேட்க மாட்டார்கள். பயப்படாதே, அங்கே வழக்கம் அது. திரும்பி வரும்போது கார்டோடு இரண்டு சீட்டு இருக்கும், ஒன்று உனக்கு, ஒன்று கடைக்கு. கடைச் சீட்டில் டிப்ஸ் என்ற கோட்டில் தொகையை எழுதி, அதன் கீழே மொத்தத்தைக் கூட்டி எழுதி, கையெழுத்துப் போட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். ரொக்கமாக டிப்ஸ் வைத்தால் அந்தக் கோட்டைக் காலியாக விடாமல் ஒரு கோடு கிழித்துவிடு. போனில் முதலில் 43.30 என்று மெசேஜ் வரும். ஓரிரு நாளில் அது 51.30 ஆக மாறும். ஏமாற்றிவிட்டார்கள் என்று வங்கிக்குப் போன் போடாதே, நீ எழுதிய டிப்ஸ் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். உன் சீட்டைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

கூட்டமாகப் போகும்போது கவனம் வேண்டும். ஆறு பேர் அல்லது எட்டுப் பேருக்கு மேல் உட்கார்ந்தால் பல ஓட்டல்களில் 18 சதவீதத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். பில்லில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே எழுது, இல்லையென்றால் இரண்டு முறை கொடுத்துவிடுவாய். ஓசூர், பெங்களூர்ப் பழக்கத்தில் அதை நீக்கச் சொல்லிச் சண்டைக்கும் போகாதே. இந்தியாவில் ஓட்டல்கள் தாமாகவே சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022ல் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த உரிமை இந்திய எல்லைக்குள் மட்டும்.

இன்னொன்று. நம் ஆட்கள் எட்டுப் பேர் போய், நான்கு ஐட்டம் சொல்லி, பங்கு போட்டுச் சாப்பிட்டு, இரண்டரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்போம். பிறகு பில்லை எட்டாகப் பிரித்துக் கேட்போம். அந்த மேசை காலியாகியிருந்தால் சர்வருக்கு இன்னொரு குடும்பத்தின் டிப்ஸ் வந்திருக்கும். நீண்ட நேரம் உட்கார்ந்தால் கூடுதலாக வை. வைக்கும் காசு முழுவதும் அவர் கைக்குப் போவதும் இல்லை. பல கடைகளில் மேசை துடைப்பவருக்கும் பார் கவுண்டரில் இருப்பவருக்கும் அதிலிருந்து பங்கு தர வேண்டும்.

நம் இந்திய ஓட்டல்களில் இதெல்லாம் வேண்டாம் என்று ஒரு பேச்சு ஓடும், "நம்ம ஆளுதானே" என்று. அதே சட்டம், அதே சம்பளம்தான் அங்கேயும். மதிய பஃபேயில் நாமே போய் எடுத்துக்கொண்டாலும், தட்டு எடுப்பதும் நான் ரொட்டி கொண்டுவருவதும் தண்ணீர் ஊற்றுவதும் ஒரு ஆள்தான். பத்து சதவீதம் வை.

கவனிப்பு உண்மையிலேயே மோசமாக இருந்தால் 10 சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு மேனேஜரிடம் காரணத்தைச் சொல். சமையல் தாமதமானால் அதற்கு சர்வர் பொறுப்பில்லை. கோபத்தில் சில்லறைக் காசை மட்டும் வைப்பது அவமானப்படுத்துவது, அதைச் செய்யாதே.

கவுண்டரில் நின்று வாங்கும் காபிக் கடைகளில் திரையை உன் பக்கம் திருப்புவார்கள். 18, 20, 25 என்று பட்டன்கள் இருக்கும், பின்னால் வரிசை நிற்கும். அங்கே கட்டாயம் இல்லை. டிப்ஸ் வேண்டாம் என்ற பட்டனும் அதிலேயே இருக்கும், தயங்காமல் அழுத்தலாம். பார்சலுக்கும் அப்படித்தான். ஆனால் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவருக்கு 3 முதல் 5 டாலராவது கொடு. சொந்தக் காரில், சொந்தப் பெட்ரோலில் வருகிறவர்கள்தான் அதிகம். மழையிலும் பனியிலும் வந்தால் இன்னும் கொஞ்சம். முடி வெட்டுபவருக்கும் 15, 20 சதவீதம் உண்டு.

பாலக்கோட்டுத் தம்பிக்கு வேலை சுலபம். சிங்கப்பூரில் டிப்ஸ் வழக்கம் கிடையாது. உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல்களில் பொதுவாக 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதையும் சேர்த்த தொகைக்கு 9 சதவீதம் ஜிஎஸ்டி. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அதுதான் அர்த்தம். 100 வெள்ளி, அதாவது 100 சிங்கப்பூர் டாலர், சாப்பாடு 119.90 ஆகும். ஹாக்கர் சென்டர் என்கிற பொதுச் சாப்பாட்டுக் கூடங்களில் சர்வீஸ் சார்ஜும் இல்லை, ஆனால் சாப்பிட்ட தட்டை நீயேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து அது கட்டாயம்.

லண்டனில் பெரும்பாலும் பில்லிலேயே 12.5 சதவீதம் சேர்ந்து வரும். விருப்பப்பட்டால் தரலாம் என்ற வகைதான் அது. கவனிப்பு சரியில்லை என்றால் எடுக்கச் சொல்லலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். அது இருந்தால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம், கார்டு மெஷின் மறுபடி கேட்டாலும். "அந்தக் காசு வேலை செய்யறவங்களுக்குப் போகுதாண்ணா?" என்று அரூர்ப் பெண் கேட்டாள். நல்ல கேள்வி. 2024 அக்டோபர் 1லிருந்து அமலில் இருக்கும் சட்டப்படி டிப்ஸும் சர்வீஸ் சார்ஜும் முழுவதும் தொழிலாளிகளுக்கே போக வேண்டும். பப்பில் கவுண்டரில் வாங்கினால் டிப்ஸ் கிடையாது.

ஜெர்மனி போகிறவர்கள் ஐந்து முதல் பத்து சதவீதம் சேர்த்து முழு யூரோவாக்கி, பணம் கொடுக்கும்போதே மொத்தத் தொகையை வாயால் சொல்ல வேண்டும். மேசையில் விட்டுவிட்டு வருவது அங்கே வழக்கமில்லை. ஜப்பானில் எதுவும் வைக்காதே. மறந்துவிட்டாய் என்று நினைத்துத் தெருவரைக்கும் கொண்டுவந்து தருவார்கள்.

எல்லாம் கேட்டுவிட்டுத் தம்பி, எழுதிப் பார்க்கிறேன் என்று மெஸ் பில்லைத் திருப்பிப் போட்டான். சாப்பாடு 40, டிப்ஸ் 8, மொத்தம் 48 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வரியை விட்டுவிட்டான். இந்தச் சீட்டு கடைக்குப் போனால் சர்வருக்குக் கிடைப்பது எட்டு டாலரா, 43.30 போக மிஞ்சும் 4.70 டாலரா என்று அவர்கள் குழம்புவார்கள் என்றேன். அடித்துவிட்டு 43.30க்குக் கீழே 8 எழுதி, 51.30 என்று கூட்டினான். பிறகு சோம்புத் தட்டைப் பார்த்தான், இன்னொரு இருபது ரூபாயை எடுத்து அதில் வைத்தான்.