ஆங்கிலப் படம் பார்த்தால் காது பழகுமா?

நெல்லை ஆசிரியை:
பாடநூலைத் தடுமாறாமல் வாசிக்கும் என் மாணவர்கள், அதே வாக்கியத்தை ஓர் ஆங்கிலேயர் பேசக் கேட்டால் விழிக்கிறார்கள். சொல் தெரியாமல் அல்ல. ஆங்கிலப் பேச்சில் அழுத்தம் பெறாத அசைகள் தேய்ந்து, ‘டிட் யூ’ என்பது ‘டிஜூ’ என்றும், ‘வான்ட் டு’ என்பது ‘வான்ன’ என்றும் குழைந்துவிடுவதால்தான். பாடநூல் ஒலிப்பதிவுகளில் நிறுத்தி நிதானமாகப் பேசுவதால், இந்தக் குழைவு அங்கே காதில் விழுவதே அரிது. வாரம் ஒரு படமாவது வகுப்பில் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

தேர்வுப் பயிற்றுநர்:
சிக்கலைச் சரியாகச் சொன்னீர்கள், அம்மா. வழியைத்தான் ஏற்க இயலவில்லை. ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் கேட்டல் பகுதியில் 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும். முகமோ சைகையோ துணைக்கு வராது. படத்திலோ, கதவை அறைந்து சாத்தும்போதே கோபம் என்று தெரிந்துவிடுகிறது. கண் முந்திக்கொள்வதால் காதுக்கு வேலை இல்லாமல் போகிறது. 318 படங்களின் வசனங்களை ஆராய்ந்து வெப், ராட்ஜர்ஸ் இருவரும் 2009இல் வெளியிட்ட கட்டுரைப்படி, வசனத்தில் சுமார் 95 விழுக்காட்டுச் சொற்கள் புரிவதற்கே 3,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும். முதலாண்டு மாணவர் பலரிடம் அது இல்லை. தமிழ் வசனவரிகளை இரண்டு மணி நேரம் வாசித்துவிட்டு எழுந்து போவார்கள்.

நெல்லை ஆசிரியை:
தமிழ் வரிகள் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம். அதே 2009இல் மிட்டரர், மக்வீன் ஆகியோர் டச்சு மாணவர்களுக்கு ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புள்ள காட்சிகளைக் காட்டிச் சோதித்தார்கள். ஆங்கில வரிகளோடு பார்த்தவர்கள், காட்சியில் கேட்காத புதிய வாக்கியங்களையும் கூடுதலாகப் பிடித்துக்கொண்டார்கள். டச்சு வரிகளோடு பார்த்தவர்களோ, புதிய வாக்கியங்களில், வரியே இல்லாமல் பார்த்தவர்களைவிடப் பின்தங்கினார்கள்.

தேர்வுப் பயிற்றுநர்:
அவர்கள் ஏற்கெனவே ஆங்கிலம் நன்கு அறிந்தவர்கள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைக்கு ஆங்கில வரியும் ஓடி மறையும் இன்னொரு சுமைதானே?

நெல்லை ஆசிரியை:
அந்தக் கேள்வி நியாயமானது. முழுப்படம் என்று நான் சொன்னதை இங்கே திருத்திக்கொள்கிறேன். இரண்டு நிமிடக் காட்சி போதும். முதலில் திரையை மறைத்து ஒலியை மட்டும் கேட்கச் செய்து, காதில் விழுந்ததை எழுதச் சொல்வேன். பிறகு அதே இடத்தை ஆங்கில வரியோடு நிறுத்தி நிறுத்திக் காட்டி, எந்த அசை நழுவியது என்று அவர்களையே கண்டுபிடிக்க வைப்பேன்.

தேர்வுப் பயிற்றுநர்:
அப்படியானால் எனக்கு மறுப்பில்லை. ஆனால் தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கும்போது, அந்த நேரத்தை ஒலிப்பதிவுகளுக்கே தருவேன்.