‘டேபிள் பண்ணலாம்’ என்றால் இப்போதே பேசுவதா, ஒத்திப்போடுவதா?

கோவை கவி:
வணக்கம். ஐடி கம்பெனியில் டெஸ்டிங் டீமில் இருக்கிறேன். கிளையன்ட் அமெரிக்கா. நேற்று சாயங்காலம் கான்ஃபரன்ஸ் காலில் எங்கள் லீட் ரிலீஸ் தேதி பற்றிப் பேச்செடுத்தார். அந்தப் பக்கம் மேனேஜர், “லெட்ஸ் டேபிள் திஸ் ஃபார் நவ்” என்றார். லீட் உடனே ஸ்லைடைத் திறந்து விளக்க ஆரம்பித்துவிட்டார். எதிர்முனையில் சத்தமே இல்லை. அகராதியில் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு அர்த்தம் போட்டிருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

பழைய நிருபர்:
இரண்டுமே சரிதான் அம்மா, பேசுகிறவர் எந்த நாட்டுக்காரர் என்று பாருங்கள். உங்கள் மேனேஜர் சொன்னது, ‘இப்போதைக்கு விட்டுவிடுவோம்’.

நான் சட்டமன்றச் செய்தி எழுதியவன். சிஏஜி, அதாவது அரசுக் கணக்குத் தணிக்கை அறிக்கை அவையில் வைக்கப்பட்ட பிறகுதான் வெளியே வரும். அதனால் கூட்டத்தொடர் முடியும் நாட்களில் பிரஸ் ரூமில், “ரிப்போர்ட் டேபிள் ஆயிடுச்சா?” என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனவுடன் பிரதியை வாங்க ஓட்டம். நமக்கு டேபிள் என்றால் எல்லோர் பார்வைக்கும் வருவது. இது பிரிட்டிஷ் நாடாளுமன்ற வழக்கு.

அமெரிக்காவில் அப்படியே தலைகீழ். அங்கே பிரதிநிதிகள் சபையில் ஒரு தீர்மானத்தை டேபிள் செய்ய ஓட்டு விழுந்தால் அதன் கதை முடிந்தது. அந்த ஓட்டுக்கு முன் விவாதம்கூடக் கிடையாது. ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட் 1876-இல் எழுதிய கூட்ட விதிகளில், தற்காலிகமாக எடுத்துவைப்பது என்ற அளவில்தான் இருக்கிறது. அலுவலகப் பேச்சுக்கு வந்தது அந்த மென்மையான பொருள்.

இதில் பெரிய தலைகளே முட்டிக்கொண்டிருக்கின்றன. 1941 டிசம்பரில் வாஷிங்டனில் தொடங்கிய போர்க்கால மாநாட்டில், அவசரமான ஓர் அறிக்கையை டேபிள் செய்ய வேண்டும் என்றார்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள். டிராயரில் போட்டு மறந்துவிடுவது என்று புரிந்துகொண்டார்கள் அமெரிக்கர்கள். காரசாரமாக வெகுநேரம் வாதாடிய பிறகுதான் இருதரப்பும் ஒன்றையே கேட்கிறோம் என்று தெரிந்ததாம். சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். உங்கள் லீட் மேல் தப்பே இல்லை. நம் ஊர்ப் பேப்பர் படித்து வளர்ந்த யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

யாழ்ப்பாணத்தான்:
இலங்கையிலும் பிரிட்டிஷ் வழக்குத்தான். ‘சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்’ என்று எம்பிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அந்தப் பீடம்தான் இந்த டேபிள். கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் வேலையிடத்தில் இரண்டு பொருளும் புழங்குதாம், பாராளுமன்றத்தில் மட்டும் பிரிட்டிஷ் பொருள்.

கோவை கவி:
நன்றி சார், நன்றி அண்ணா. வாக்கியத்தை வைத்தே கண்டுபிடிக்க வழி உண்டா? எங்கள் டீமில் லண்டன் ஆட்களும் இருக்கிறார்கள்.

பழைய நிருபர்:
பெரும்பாலும் முடியும். ‘ஃபார் நவ்’, ‘அன்டில் தர்ஸ்டே’ என்று காலம் ஒட்டிக்கொண்டு வந்தால் ஒத்திவைப்பு. திருத்தம், கேள்வி, அறிக்கை என்று கையில் எடுத்து நீட்டக்கூடிய ஒன்றை டேபிள் செய்தால் முன்வைப்பது. ‘ஆன் த டேபிள்’ என்றால் குழப்பமில்லை, பரிசீலனையில் இருக்கிறது என்றுதான் எல்லா ஊரிலும் பொருள்.

நீங்கள் எழுதும்போது இந்த வினைச்சொல்லே வேண்டாம். ‘டிஸ்கஸ் டுடே’ அல்லது ‘போஸ்ட்போன்’ என்று நேராகப் போடுங்கள். மீட்டிங் மினிட்ஸில் கண்டிப்பாக. ஆறு மாதம் கழித்து அதைப் படிப்பவருக்கு, சொன்னவர் லண்டனா டெக்சாஸா என்று தெரியாது.

கோவை கவி:
சரி சார். நேற்றைய மினிட்ஸ் இன்னும் அனுப்பவில்லை. ரிலீஸ் தேதி ‘போஸ்ட்போன்ட்’ என்றே போட்டு, அடுத்து எப்போது பேசலாம் என்று அந்த மேனேஜரையே கேட்டுவிடுகிறேன்.