ஏழு சுரமும் ஏழு நிறமும் சொற்களான மொழி: சொல்ரெசொல் ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி (நிலவன்):
பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா சூட்ர் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய சொல்ரெசொல் என்ற செயற்கை மொழியைப் பற்றி அண்மையில் படித்தேன். அவர் 1862இல் மறைந்தபின், 1866இல்தான் அதற்கான நூல் வெளிவந்தது. டோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி என்ற ஏழு அசைகளே அம்மொழியின் ஒலிகள். அவற்றை வாயால் சொல்லலாம், வயலினில் வாசிக்கலாம், சிவப்பு முதல் ஊதா வரை வானவில்லின் நிறங்களாகவும் காட்டலாம். 'டோரே' என்றால் நான், 'டோமி' என்றால் நீ. சில சொற்களைத் திருப்பிப் போட்டால் எதிர்ப்பொருள் கிடைக்கும்: 'டோமிசோல்' கடவுள், 'சோல்மிடோ' சாத்தான். இசை, நிறம், பேச்சு மூன்றையும் இவ்வளவு நேர்த்தியாக இணைத்த மொழி ஏன் வழக்கில் நிலைக்கவில்லை? அரசியல் காரணங்களை விடுங்கள்; அதன் அமைப்பிலேயே குறை உண்டா என்பதே என் கேள்வி.

பதில் (தம்பூரா):
உண்டு, பாட்டுப் பயின்றவருக்கு அது உடனே புலப்படும். டோவை ஷட்ஜமாகக் கொண்டால் இந்த ஏழும் நம் சங்கராபரணத்தின் சுரங்கள்தாம். அதில் ச–க, ம–த, ப–நி ஆகிய மூன்று இணைகளுக்கும் இடைவெளி ஒன்றே. ஆகவே ஒருவர் புல்லாங்குழலில் இரண்டு சுரங்களை மட்டும் ஊதி நிறுத்தினால், அவருடைய ஆதார சுருதி எதுவென்று முன்பே அறியாதவர், அவர் சொன்னது 'டோமி'யா, 'ஃபாலா'வா, 'சோல்சி'யா என்று பிரித்தறிய வழியில்லை. சுருதியின் துணையின்றித் தனிச் சுரத்தை இனங்காணும் காது வெகு சிலருக்கே வாய்த்திருக்கிறது. அசைகளை வாயால் சொல்லும்போது இந்தச் சிக்கல் எழாது. ஆனால் அப்போது இசைக்கு அங்கே வேலையும் இல்லை.

பதில் (குமிழ்):
தம்பூரா சொன்னதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். இயல்பான மொழிகளில் தேவைக்கு மிஞ்சிய ஒலிகள் ஏராளம்; பாதி காதில் விழாவிட்டாலும் பொருள் பிடிபடுவது அதனால்தான். காங்கோவின் கெலே மக்களுடைய பேசும் முரசு இதற்கு நல்ல சான்று. முரசில் சொல்லின் தொனி, அதாவது குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே எழும், உயிரும் மெய்யும் எழா. நிலவைக் குறிக்கும் 'சோங்கே', கோழியைக் குறிக்கும் 'கோகோ' இரண்டுக்கும் தொனி ஒன்றே என்பதால், முரசறைபவர் வெறும் 'சோங்கே' என்று அடிக்காமல், 'பூமியைக் கீழே நோக்கும் நிலவு' என்ற பொருளுள்ள நீண்ட தொடர் முழுவதையும் அடிப்பார். சூட்ர் செய்தது நேர்மாறானது. ஏழு அசைகளால் ஆகக்கூடிய நாலசைக் கோவைகள் 2,401. அவற்றில் பெரும்பகுதிக்கு அவர் பொருள் ஒதுக்கிவிட்டார். ஓர் அசையைத் தவறாகக் கேட்டால் பொருளற்ற ஒலி கிடைப்பதில்லை, வேறொரு சொல் கிடைக்கிறது. கேட்டவருக்குத் தாம் தவறாகக் கேட்டதே தெரியாது.

பதில் (வரிவடிவம்):
நிறத்தின் நிலை இன்னும் பலவீனமானது. வானவில்லுக்கு ஏழு நிறம் என்பதே சுர வரிசையைப் பார்த்து வைத்த கணக்கு: ஐந்து நிறங்களோடு தொடங்கிய நியூட்டன், பின்னர் ஆரஞ்சையும் இண்டிகோவையும் சேர்த்தார், 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் நிற வட்டத்தை இசை இடைவெளிகளின் விகிதப்படியே பிரித்தார். ஆனால் எந்தச் சுரத்துக்கு எந்த நிறம் என்பதில் ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போவதில்லை. டோவைத் தலைச்சுரமாகக் கொண்ட மேஜர் சுருதி ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினுக்குச் சிவப்பு, அவர் காலத்து இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கோர்சகோவுக்கு வெள்ளை. நாரதீய சிக்ஷை என்ற பழைய வடமொழி நூலில் பஞ்சமம் கருப்பு. சொல்ரெசொல்லில் அதே இடத்திலுள்ள சோல் நீலம். எனவே நிறங்களை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். அதற்குப் பின்னும் சிக்கல் தீராது. இசையில் எது முதலில் வந்தது என்பதைக் காலமே சொல்லிவிடும். நிறத்துக்கு அந்த வசதி இல்லை. 'டோமிசோல்' என்பதைச் சிவப்பு, மஞ்சள், நீலம் என நெடுக்குப் பட்டைகளாகத் தைத்துக் கொடியாகப் பறக்கவிட்டால், மறுபுறம் நிற்பவர் அதைச் 'சோல்மிடோ' என்றே படிப்பார். கொடிமரத்தை ஒட்டிய பட்டையிலிருந்தே படிக்க வேண்டும் என்று ஒரு விதி செய்யலாம். ஆனால் காகிதத்தில் அச்சிட்ட நிறங்களுக்கு அதுவும் பயன்படாது.