பேரவை அறையில் பழைய மினிட்ஸ் நோட்டுகள்: பழைய பேப்பர் கடைக்கா, பத்திரப்படுத்தவா?

புதுச்செயலாளர்:
வணக்கம். தென் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இந்த வருடம் மாணவர் பேரவைச் செயலாளராக வந்திருக்கிறேன். பேரவை அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பீரோவைத் திறந்தால் காலிகோ அட்டை போட்ட மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) நோட்டுகள், வவுச்சர் கட்டுகள், மனு நகல்கள். ஒரு நோட்டில் 1978 என்று இருக்கிறது. ஆபீஸில் கேட்டால் "எடைக்குப் போட்டுடு தம்பி" என்கிறார்கள். இப்போது எங்கள் பேரவை பொங்கல் விழாவும் கல்லூரி நாளும் நடத்துவதோடு சரி. இதையெல்லாம் வைத்து என்ன செய்வது? நாங்கள் புதிதாக என்ன பதிவேடு வைக்க வேண்டும்?

வைகைக்கரை:
தம்பி, எடைக்குப் போட்டுவிடாதே. தொண்ணூறுகளின் கடைசியில் நானும் ஒரு கல்லூரியில் பேரவைச் செயலாளர். ஆபீஸ் கிளார்க்குக்கு முப்பது வருட நினைவு இருக்கும். முதல்வர் அறையில் பைல் இருக்கும். மாணவன் மூன்று வருடத்தில் போய்விடுவான், கூடவே அவன் வாங்கிய வாக்குறுதியும் போய்விடும். "அப்படி யாரும் சொல்லலையே" என்று அவர்கள் சொல்லும்போது எடுத்துக் காட்ட உன்னிடம் இருப்பது இந்த நோட்டு ஒன்றுதான்.

எங்கள் காலத்தில் விடுதி மெஸ் கட்டணம் பற்றிப் பேசப் போனோம். மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாக நிர்வாகம் முன்பே ஒப்புக்கொண்டிருந்தது எங்களுக்கே தெரியாது. பழைய நோட்டைப் புரட்டிய ஒரு ஜூனியர் பையன்தான் கண்டுபிடித்தான்: தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், கீழே பச்சை மையில் வார்டன் கையெழுத்து. அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து வைத்தோம். அடுத்த மாதமே கணக்கு பலகைக்கு வந்துவிட்டது. கோஷம் போட்டிருந்தால் ஒரு வாரம் லீவு விட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

இனி நீ எழுதப்போவது. தேதி, வந்தவர்கள் கையெழுத்து, தீர்மானம், ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை. யார் யாரைத் திட்டினார்கள் என்பதெல்லாம் வேண்டாம். பக்கங்களுக்கு முதலிலேயே எண் போட்டுவிடு, கிழித்தால் தெரியும். மனு கொடுத்தால் உன் நகலில் ஆபீஸ் முத்திரையும் தபால் எண்ணும் வாங்காமல் திரும்பி வராதே. பெரிய மனுக்கள் காணாமல் போவது அங்கேதான்.

தேர்தல் செலவு தனி விஷயம். மாணவர் பேரவைத் தேர்தல் பற்றி முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு தந்த பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று, நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. அதன்படி ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. முடிவு வந்த 2 வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைக் கொடுக்க வேண்டும், கல்லூரி அதை 2 நாளில் வெளியிட வேண்டும். அச்சடித்த போஸ்டருக்கும் தடை, கையால் எழுதியது மட்டும்தான். ஊரில் எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள் என்று என்னைக் கேட்காதே. நீ கொடு.

மணல்மேடு:
லிங்டோவாவது ஒண்ணாவது! எங்கள் கல்லூரியில் தேர்தலே கிடையாது சார். மார்க் பார்த்து ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) ஒரு மாணவன் பெயரைக் கொடுப்பார், அவன்தான் பேரவைத் தலைவர். அவனுக்கு எதற்கு மினிட்ஸ்?

வைகைக்கரை:
அதே அறிக்கையில் அதற்கும் பதில் இருக்கிறது. வளாகத்தில் அமைதியாகத் தேர்தல் நடத்த முடியாத நிலை இருந்தால்தான் நியமனம், அதுவும் இடைக்கால ஏற்பாடு. 5 ஆண்டுக்குள் தேர்தல் முறைக்கு மாற வேண்டும். பேரவைக் கட்டணம் என்று ரசீதில் வாங்குகிறார்களா பாருங்கள். வாங்கினால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். அரசுக் கல்லூரியாக இருந்தால் 30 நாளில் பதில் வர வேண்டும். கேட்பவர் நியமனத் தலைவராகவே இருந்தால் இன்னும் விசேஷம்.

இன்னொன்று. 1965 மொழிப் போராட்டம் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரனுக்குச் சிலை இருக்கிறது. அந்தப் போராட்டத்திலிருந்து வந்த பெ. சீனிவாசன் 1967இல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். ஆனால் விடுதி அறைகளில் உட்கார்ந்து மாணவர்கள் என்ன பேசி முடிவெடுத்தார்கள் என்று தேடினால் எனக்குக் கிடைத்ததெல்லாம் பிற்கால நினைவுகளும் செய்தித்தாள் துணுக்குகளும்தான். யாராவது ஒரு நோட்டை வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கோண்டாவில்:
நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்தவன். 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. எங்களுக்கு அது 'மாணவர் ஒன்றியம்'. 1995இல் போரால் ஊரே இடம்பெயர்ந்தபோது யார் கூட்டக் குறிப்புக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது? என்னுடைய அண்ணா வைத்திருந்த துண்டுப்பிரசுரங்கள், கலைவார மலர்கள் எல்லாம் வீட்டோடு போயிற்று. எனவே தம்பி, ஒரே இடத்தில் வைத்திருக்காதீர்கள். 2005இலிருந்து 'நூலகம்' திட்டக்காரர் இங்கத்தைய பழைய சஞ்சிகைகள், மலர்களை மின்வடிவாக்கி இணையத்தில் இடுகிறார்கள். அந்த முறையைப் பாருங்கள். முதலில் போனிலாவது படமெடுங்கள். துருப்பிடித்த ஊசிகளை மெதுவாகக் கழற்றுங்கள், செல்லோடேப் மட்டும் ஒட்ட வேண்டாம், சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும்.

புதுச்செயலாளர்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு நோட்டுகளை விடுதிக்குக் கொண்டுவந்துவிட்டோம். 1978 நோட்டில் நூலகத்தை இரவு 8 மணி வரை திறக்கச் சொல்லித் தீர்மானம், பக்கத்தில் முதல்வர் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இப்போது 5 மணிக்கே பூட்டிவிடுகிறார்கள். திங்கட்கிழமை முதல்வரைப் பார்க்கப் போகிறோம். நோட்டை எடுத்துப் போகலாமா?

வைகைக்கரை:
ஜெராக்ஸை மனுவோடு இணைத்துக் கொடு. ஒரிஜினலைக் காட்டலாம், கையில் கொடுக்காதே. "விட்டுட்டுப் போங்க, பார்த்துட்டுத் தரேன்" என்பார். அதற்கு மட்டும் சரி சொல்லிவிடாதே. துணைக்கு இரண்டு பேரைக் கூட்டிப் போ, வெளியே வந்ததும் என்ன பேசினீர்கள் என்று அன்றைக்கே எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். முத்திரை மறக்காதே.