முதியவர்கள் சொந்த வீட்டிலேயே இருக்க எது உதவும்: வீட்டு வரித் தள்ளுபடியா, மாதப் பணமா?

பாலக்கோட்டான்

அம்மாவுக்கு 74 வயது. மாரண்டஹள்ளிப் பக்கம் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறார். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், அக்கா திருப்பூரில். "பூட்டிட்டு வந்துடும்மா" என்று எத்தனை முறை கூப்பிட்டாலும், "நாலு மாடி ஏறி உங்க வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்க என்னால ஆகாது. என் வாசல், என் புளியமரம், என் களி எனக்குப் போதும்" என்பார். அவர் சொல்வது நியாயம்தான். எங்கள் வீட்டில் அவர் பேசுவதற்கு ஒரு ஆள் கிடையாது.

ரேஷன் அரிசி இலவசம். கரண்டு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் வரை இலவசம், அவருக்கு அதற்கு மேல் ஓடாது. ஆனாலும் கேஸ், மாத்திரை, ஆட்டோ, காய்கறி, வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டோம். வீடும் அரை ஏக்கர் மானாவாரி நிலமும் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள்.

என் கருத்து இது. 70 வயது தாண்டியவர் தான் குடியிருக்கும் வீட்டுக்கு வரியும் தண்ணீர்க் கட்டணமும் கட்ட வேண்டாம் என்று அரசு அறிவிக்க வேண்டும், ஊராட்சியானாலும் நகராட்சியானாலும். ஒரு வாழ்நாள் முழுக்கக் கட்டியாயிற்று. கடைசிப் பத்து வருடமாவது விடலாமே?

ஓசூர் குடித்தனக்காரன்

அம்மா நன்றாக இருக்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்கும் சலுகையை நான் எதிர்க்கிறேன்.

ஓசூரில் பதினெட்டு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறேன். எங்கள் வரிசையில் ஒரு தாத்தாவும் பாட்டியும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் இருக்கிறார்கள். தாத்தா இன்னும் இரவுக் காவலுக்குப் போகிறார். வருடா வருடம் வாடகை ஏறுகிறது. அவர்கள் பெயரில் வீடும் இல்லை, வரி ரசீதும் இல்லை. நீங்கள் கேட்கும் தள்ளுபடியில் அவர்களுக்கு ஒரு ரூபாய் வராது. அவர்களிடம் வாடகை வாங்கும் உரிமையாளருக்கு 72 வயது, கீழ்த்தளத்தில் அவரே குடியிருக்கிறார். சலுகை அவருக்குப் போய்ச் சேரும்.

ஓசூரும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் இன்று என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த விலைக்கு வீடு வைத்திருப்பவருக்கு வரியைக் குறைத்தால், அந்தப் பள்ளத்தை மற்றவர்கள் வரிதான் நிரப்ப வேண்டும். முதியவருக்கு உதவுங்கள், மறுக்கவில்லை. கட்டடத்தைப் பார்த்துக் கொடுக்காதீர்கள்.

தர்மபுரி வாசகர்

குடித்தனக்காரரே, சொந்த வீடு இருப்பவர் எல்லாம் வசதியானவர் என்று எண்ணிவிட்டீர்கள். என் கதையைக் கேளுங்கள்.

தனியார் கம்பெனியில் 29 வருடம் வேலை செய்தேன். பி.எஃப். பென்ஷன் இன்றைக்கும் 2,000 ரூபாயைத் தொடவில்லை. அந்தத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள், அதோடு நிற்கிறது. தர்மபுரி டவுனுக்குள் 1,350 சதுர அடி வீடு. 2022-ல் நகர்ப்புறச் சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று வைத்தார்கள். எனக்கு 75 சதவீதம் ஏறியது. அந்த அரையாண்டு வரி கட்டப் பேரனுக்குப் போட்டு வைத்திருந்த ஆர்.டி.யை உடைத்தேன்.

மனை விலை ஏறினால் என் மடியில் காசு விழுமா? விற்றால்தான் விலை. விற்றுவிட்டு இந்த வயதில் நான் எங்கே போய் உட்கார்வது?

ஓசூர் குடித்தனக்காரன்

சார், உங்கள் நிலைமை புரிகிறது. நீங்கள் கேட்ட கேள்விக்கு வழி இருக்கிறது, விற்கவே வேண்டியதில்லை. தலைகீழ் அடமானம் என்று 2007 மத்திய பட்ஜெட்டில் அறிவித்து, பிறகு வங்கிகளுக்கு விதிமுறையும் கொடுத்தார்கள். 60 வயது தாண்டியவர் குடியிருக்கும் சொந்த வீட்டை வங்கியில் வைத்தால், வங்கி மாதாமாதம் அவருக்குப் பணம் தரும். உயிரோடு இருக்கும்வரை அதே வீட்டில் இருக்கலாம். அவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் கடனைக் கட்டி மீட்டுக்கொள்ளலாம், இல்லையென்றால் வங்கி விற்றுக் கணக்கு முடித்து மிச்சத்தைக் கொடுத்துவிடும். அந்தப் பணத்துக்கு வருமான வரியும் கிடையாது. உங்கள் சொத்திலேயே நீங்கள் வாழலாம், ஊர்ப் பணம் தேவையில்லை.

பாலக்கோட்டான்

அண்ணா, அதையும் விசாரித்துப் பார்த்தேன். சொத்து அவரே சம்பாதித்ததாக இருக்க வேண்டும், வில்லங்கமில்லாமல் பத்திரம் தெளிவாக இருக்க வேண்டும். எங்கள் வீடு நத்தம் இடம், பட்டா இன்னும் தாத்தா பெயரில் கிடக்கிறது. பெரியப்பா, சித்தப்பா வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் நடக்கும். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பத்து வீட்டை எடுத்தால் ஏழெட்டு வீட்டின் நிலைமை இதுதான். பத்திரம் தெளிவாக இருந்தாலும், மாரண்டஹள்ளிப் பக்கத்து ஓட்டு வீட்டை வைத்துக்கொண்டு எந்த வங்கி மாதப் பணம் தரும்? ஓசூர் அபார்ட்மென்ட்டுக்கு வேண்டுமானால் சரி.

அப்புறம் இன்னொன்று. வீட்டை வங்கியில் வைக்கிறோம் என்றால் என் அம்மாவுக்கு அன்று இரவு தூக்கம் வராது.

வீடு வீடாகப் போகிறவள்

நான் சூளகிரிப் பக்கம் மக்களைத் தேடி மருத்துவத்தில் வேலை செய்கிறேன். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்ததே எங்கள் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான். பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டிலேயே கொடுத்து, அளந்து பார்த்து, எழுதி வருவது என் வேலை. அதனால் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

வீட்டு வரியால் வீட்டை விட்டுப் போன ஒரு பாட்டியையும் நான் பார்த்ததில்லை, ஐயா. ஊராட்சியில் அது வருடத்துக்குச் சில நூறு ரூபாய். பாட்டிகளைக் கிளப்புவது கக்கூஸும் கூரையும்தான்.

எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் ஃபுளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர்! 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது, பிள்ளைகளுக்கு நல்லது நடந்தது. ஆனால் அதற்கு முன் பல வருடம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்களின் எலும்பில் ஏறியது இறங்கவில்லை. முதுகு நிமிராது, முட்டி மடங்காது. அவர்களுக்குத் தரையோடு தரையாக உள்ள கக்கூஸில் உட்கார முடியாது. கொல்லைக்குப் போனால் விழுவார்கள். ஒரு தடவை இடுப்பு எலும்பு உடைந்தால், மகன் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போவான், வீட்டில் பூட்டு தொங்கும். இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

உட்காரும் டாய்லெட், சுவரில் இரண்டு கம்பி, படிக்குப் பதில் ஒரு சரிவு, இரவில் எரிய ஒரு லைட். இதற்குத்தான் காசு இல்லை. குடிசைக்குக் கலைஞர் கனவு இல்லத்தில் 3.5 லட்சம் உண்டு. அரசு முன்பு கட்டிக் கொடுத்த பழைய வீடுகளைப் பழுது பார்க்கவும் திட்டம் வந்தது. தானே கட்டிய ஓட்டு வீட்டில் ரீப்பர் கட்டை உளுத்துப்போய் ஒழுகுகிறது என்றால் அதற்கு ஒன்றும் இல்லை. ரேஷன் அரிசிகூட இப்போது வயதானவர்களுக்கு வாசலுக்கு வருகிறது, 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் வந்த பிறகு. சோறு வாசலுக்கு வருகிறது, ஆனால் அதைச் சாப்பிடுகிறவரால் கொல்லைக்குப் போய் வர முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லோரும் சொந்த வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போன மழைக்காலத்தில் ஒரு தாத்தா விழுந்து ஒன்றரை நாள் கிடந்தார். நான் மாத்திரை கொடுக்கப் போனதால் கண்டேன். அவருக்கு வேண்டியிருந்தது வீடு அல்ல, ஆள்.

பாலக்கோட்டான்

அக்கா, நீங்கள் சொன்னது நெஞ்சில் தைத்துவிட்டது. அம்மா இன்னும் கொல்லைக்குத்தான் போகிறார்.

தர்மபுரி வாசகர்

மருத்துவப் பணியில் இருக்கும் அம்மா சொல்வது கிராமத்துக்குச் சரி. டவுனில் வரிதான் பாரம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேச வேண்டாம்.

அரூர் பத்திர எழுத்தர்

இதுவரை யாரும் கேட்காத கேள்வி ஒன்று. வீடு யார் பெயரில் இருக்கிறது?

இருபது வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். முதியவர் வீட்டை இழப்பது பெரும்பாலும் என் போன்றவர்களின் மேஜையில்தான். "எனக்கப்புறம் அவனுக்குத்தானே, இப்பவே எழுதிடலாம்" என்பார்கள். குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. விலைப் பத்திரத்தைவிட மிகக் குறைவு, அதனால் அவசரப்பட்டு எழுதிவிடுகிறார்கள். எழுதிய அன்றே அந்த வீட்டில் அவர் விருந்தாளி. மருமகள் நல்லவளாக இருந்தால் சரி.

நான் எல்லோரிடமும் இரண்டு வரி சேர்க்கச் சொல்வேன். எழுதிக் கொடுப்பவரும் அவர் மனைவியும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை உண்டு என்பது ஒன்று. எழுதி வாங்குபவர் அவர்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்னொன்று. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம், 2007, அதன் 23-ம் பிரிவு அந்த நிபந்தனையைப் பார்த்துதான் பத்திரத்தை ரத்து செய்கிறது. நிபந்தனை இருந்தது என்று காட்டாவிட்டால் ரத்து கிடையாது என 2022-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இந்தச் சட்டத்தை முதியவருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒரு தாய்க்கு வீட்டைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டு வரி எழுதியிருந்தால் அந்தத் தாய் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்க வேண்டாம்.

தர்மபுரி வாசகர்

ஐயா, சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் 2019-ல் மகனுக்கு எழுதிவிட்டேன். வீட்டு லோன் வாங்க வேண்டும் என்றான். நிபந்தனை எதுவும் போடவில்லை. வரி இன்றும் நான்தான் கட்டுகிறேன். மகன் கெட்டவன் இல்லை. ஆனால் போன தீபாவளிக்கு "மேல் மாடியை வாடகைக்கு விடலாம், நீங்க பின்னறைக்கு வந்துடுங்கப்பா" என்றான்.

அரூர் பத்திர எழுத்தர்

வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் மகனிடமே பேசுங்கள். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் ஆயுள்கால அனுபவ உரிமையை அவரே ஒரு பத்திரமாக எழுதிக் கொடுக்கலாம். அது நடக்காவிட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுங்கள், நீங்களே பேசலாம். உங்களுடையது சட்டம் வந்த பிறகு எழுதிய பத்திரம், அதனால் 23-ம் பிரிவைக் கேட்டுப் பார்க்க முடியும், ஆனால் நிபந்தனை எழுதாததால் ரத்து கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதைத் தவிர மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். எங்கே போவது, என்ன எழுதுவது என்று தெரியாவிட்டால் 14567-க்குப் போன் செய்யுங்கள், முதியோருக்கான இலவச உதவி எண் அது.

ஓசூர் குடித்தனக்காரன்

வாசகர் ஐயா, உங்களை நோகடிக்க இதைச் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள், நீங்கள் கேட்ட வரித் தள்ளுபடி வந்திருந்தால் அது உங்களுக்கு வந்திருக்காது. வீடு மகன் பெயரில். அவருக்கு 70 வயது ஆகவில்லை. அந்தக் கட்டடத்தில் தங்கியிருக்கும் நீங்கள் கணக்கிலேயே வரமாட்டீர்கள், எங்கள் வரிசைத் தாத்தா எப்படி வரமாட்டாரோ அப்படியே. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ஆள் பெயரில் கொடுங்கள். 2023-ல் உதவித்தொகையை 1,000-லிருந்து 1,200 ஆக்கினார்கள். அதில் 79 வயது வரையுள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், பல வருடமாக அதே 200. அதை ஏற்றச் சொல்லிக் கேட்டால் நானும் உங்களோடு வந்து நிற்பேன்.

பாலக்கோட்டான்

சரி அண்ணா, தள்ளுபடியை நான் விட்டுவிடுகிறேன். வாசகர் ஐயா விஷயத்தைக் கேட்டபின் என் வாதம் நிற்காது.

ஆனால் உதவித்தொகையை ஏற்றினால் மட்டும் என் அம்மாவுக்கு வராது. நிலையான சொத்து 1 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பு இருக்கிறதே, அதில்தான் அவர் விழுந்தார். அரசு இலவசமாகக் கொடுத்த வீடு என்றால் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அம்மாவும் அப்பாவும் செங்கல் சுமந்து கட்டிய வீடு என்றால் சேர்ப்பார்கள். குடியிருக்கும் ஒரு வீட்டை, யார் கட்டியதானாலும், அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். இதற்காவது ஒத்துக்கொள்வீர்களா?

ஓசூர் குடித்தனக்காரன்

கிராமத்து ஓட்டு வீட்டுக்கு முழு மனதோடு ஒத்துக்கொள்கிறேன். ஓசூரில் மூன்று மாடி வைத்து இரண்டை வாடகைக்கு விட்டிருப்பவருக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். வாடகை வருமானம் இருந்தால் சேர்க்க வேண்டும்.

வீடு வீடாகப் போகிறவள்

தம்பி, வரம்பு மாறும்போது மாறட்டும். நீங்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொத்தனாரைக் கூப்பிடுங்கள். டாய்லெட்டை வீட்டோடு ஒட்டிக் கட்டுங்கள், வாசற்படி வைக்காதீர்கள், கதவு வெளியே திறக்க வேண்டும். உள்ளே திறக்கும் கதவு என்றால், அம்மா விழுந்தால் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடப்பார், யாராலும் திறக்க முடியாது. கம்பியை அம்மாவை உட்கார வைத்துப் பார்த்து, அவர் கை எட்டும் இடத்தில் அடிக்கச் சொல்லுங்கள், கொத்தனார் கை எட்டும் இடத்தில் அல்ல.

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சாவி கொடுத்து வையுங்கள். காலையில் உங்கள் அம்மா வாசல் தெளிக்கவில்லை என்றால் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாலக்கோட்டான்

பொங்கலுக்கு வருகிறேன் அக்கா. பட்டா விஷயமாகப் பெரியப்பா பிள்ளைகளையும் அன்றைக்கே உட்கார வைத்துப் பேசப்போகிறேன். பத்திர எழுத்தர் ஐயா, வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அம்மா பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதினால், அம்மா உள்ளவரை யாரும் விற்க முடியாதபடி இருக்குமா?

அரூர் பத்திர எழுத்தர்

அம்மா கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. முதலில் தாத்தாவின் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுங்கள். பெரியப்பா, சித்தப்பா பெண்பிள்ளைகள் யாரையும் விட்டுவிடாதீர்கள், ஒரு கையெழுத்து குறைந்தாலும் பின்னால் வழக்கு வரும். அக்காவும் நீங்களும்கூட எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு முன் அக்காவிடம் நீங்களே பேசிவிடுங்கள்.

ஓசூர் குடித்தனக்காரன்

எங்கள் வரிசைத் தாத்தாவுக்கு இந்த மாதம் வாடகை 500 ஏறியது. அவர் பெயரில் உதவித்தொகை மனு இன்று நான்தான் இ-சேவை மையத்தில் போட்டு வந்தேன். வாடகை வீட்டு முகவரியில் ஆதார் மாற்றினால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். இதற்கு என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.