தரம் 5 அம்மா அப்பாமார் – கிளிநொச்சி

கவின் அம்மா: சேர், புலமைப்பரிசில் சோதனை கிட்டுது. பின்னேர விளையாட்டை நிப்பாட்டிப்போட்டு பழைய சோதனைப் பேப்பர் செய்ய விடட்டோ?

பி.ரி. சேர்: நிப்பாட்டாதேங்கோ. 2009இல அமெரிக்காவில 9, 10 வயசுப் பிள்ளையளை 20 நிமிசம் நடக்க விட்டுப் பாத்தவை. நடந்த பிறகு கவனமும் வாசிப்புப் புள்ளியும் கூடினது. 20 பிள்ளையள்தான், சின்ன ஆய்வு. எண்டாலும் பேப்பருக்கு முன்னால செய்து பாக்கலாம்.

நிரோ அப்பா: நடந்தா மூளை வளருமோ 😄

மிட்வைஃப் அக்கா: ஒரு நாள் நடையின்ர பலன் கொஞ்ச நேரத்துக்குத்தான் அண்ணை. மாசக்கணக்கில செய்தால்தான் இருதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் கூட இரத்தம் தள்ளும். உடல்தகுதி கூடின பிள்ளையளுக்கு ஞாபகத்துக்குரிய ஹிப்போகாம்பஸ் பெரிசா இருந்ததை ஸ்கானில கண்டிருக்கினம். அதுக்கு ஓட்டம்தான் காரணமெண்டு அடிச்சுச் சொல்லேலாது.

கவின் அம்மா: எவ்வளவு நேரம் வேணும்?

மிட்வைஃப் அக்கா: உலக சுகாதார நிறுவனம் 5–17 வயசுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிசம் எண்டுது. கிழமையில 3 நாளாவது மூச்சு வாங்க ஓட வேணும், துள்ள வேணும்.

பி.ரி. சேர்: ஒரேயடியா வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் 15, இடைவேளை 15, பின்னேரம் 30. பின்னேரத்துக்கு கிளித்தட்டை விட நல்லது இல்லை. கிளியா நிக்கிறவர் நடுக்கோட்டால வருவார், அவற்ற பக்கத்து மற்றவை குறுக்குக்கோட்டில நிண்டு மறிப்பினம். ஓடுற பிள்ளை ரெண்டு பேரையும் பாத்து, பாயப்போன காலை அடக்கி, மற்றப் பக்கத்தால பூர வேணும். சும்மா மைதானம் சுத்துறதில அந்த யோசனை வேலை இல்லை.

நிரோ அப்பா: காணுமோ காணாதோ எண்டு எப்பிடித் தெரியும்?

பி.ரி. சேர்: கதைக்கலாம், பாட்டுப் பாடேலாது. அதுதான் அளவு. நாடியை 15 செக்கன் எண்ணி 4ஆல பெருக்குங்கோ, 140 அளவில வந்தாக் காணும்.

மிட்வைஃப் அக்கா: சோறு திண்ட கையோட விடாதேங்கோ, விலாவில கொளுவும். வெய்யில் தாழ, 4:30க்குப் பிறகு. தாகம் வரமுதல் தண்ணி. தலைசுத்து, சத்தி எண்டால் நிழலில படுக்கவிட்டு ஈரத்துணியால துடையுங்கோ. கதை தடுமாறினால் உடன ஆஸ்பத்திரி. கொஞ்சம் ஓடவே களைச்சு வெளிறிப்போற பிள்ளைக்கு இரத்தச்சோகை பாக்க வேணும்.

பி.ரி. சேர்: பந்து பத்தைக்காணிக்குள்ள போனால் பிள்ளையள் இறங்கக் கூடாது. வெடிபொருள் இல்லையெண்டு உறுதியான காணியில மட்டும் விளையாட விடுங்கோ.

கவின் அம்மா: ஓடினாப் பிறகு முழங்காலுக்குக் கீழ நோகுது எண்டால்?

மிட்வைஃப் அக்கா: சில்லுக்குக் கீழ எலும்பு புடைச்சு, அமத்த நோகுதோ பாருங்கோ. வளருற வயசில தசைநார் இழுத்து வாறது. ரெண்டு கிழமை துள்ளலைக் குறைச்சு, ஐஸ் வையுங்கோ. நொண்டினால், இரவில நோவோட எழும்பினால் டொக்டரிட்டக் காட்டுங்கோ.

கவின் அம்மா: சரி அக்கா 🙏 நாளைக்கு 4:30க்கு விடுறன், பேப்பர் அதுக்குப் பிறகு.