இளைக்க வைக்கிற தைராய்டு

தைராய்டு என்றாலே உடம்பு பெருத்துவிடும் என்றுதான் எங்கள் பாலக்கோடு பக்கம் எல்லாரும் நினைக்கிறார்கள். எனக்கு நடந்தது நேர் எதிர். இரண்டு உருண்டை களி உள்ளே போய் ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும், ஆனாலும் 58 கிலோவிலிருந்து ஐந்தே மாதத்தில் 47க்கு வந்துவிட்டேன். மார்கழிக் குளிரில் வீடே போர்த்திக்கொண்டு கிடக்க, நான் மட்டும் ஃபேனுக்குக் கீழே வேர்த்துக்கொண்டு படுத்திருப்பேன். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மாமியார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்.

நான் தையல் வேலை செய்கிறவள். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனபோதுதான் பயம் வந்தது. நுனியை நாக்கில் நனைத்து முறுக்கிக் கண்ணருகே கொண்டுபோனால் நூல் ஒரு பக்கம் ஆடும், ஊசி ஒரு பக்கம் ஆடும். பக்கத்து கிளினிக்கில் நரம்புத் தளர்ச்சி என்று மூன்று மாதம் சத்து ஊசி போட்டார்கள், அதை விடுங்கள். தர்மபுரியில் ஒரு டாக்டரம்மாதான் இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. ரத்தம் பார்த்ததில் டிஎஸ்ஹெச், அதாவது தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி அனுப்புகிற ஹார்மோன், 0.01க்கும் கீழே, ஏறக்குறைய 0.4க்கும் 4க்கும் நடுவில் இருக்க வேண்டுமாம். சுரப்பி அதிகம் சுரந்தால் இந்த எண் குறையும் என்பது என் மண்டையில் ஏறவே ஒரு வாரம் ஆனது. கிரேவ்ஸ் நோய் என்றார், அதாவது நம் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிட்டு நிற்கவிடாமல் சுரக்க வைப்பது. சுரப்பதைக் குறைக்க கார்பிமசோல் மாத்திரை 30 மில்லிகிராம், படபடப்புக்கு ப்ரோப்ரனலால்.

இரண்டு மாதத்தில் நடுக்கம் போச்சு, எடையும் ஏறியது. சரியாகிவிட்டது என்று யாரையும் கேட்காமல் நானே மாத்திரையை நிறுத்தினேன். அது மாத்திரை பிடித்துவைத்திருந்த சுகம் என்று அப்போது தெரியவில்லை.

மூன்றாவது வாரம் காய்ச்சல் 104. வாந்தி, பேதி. செத்துப்போன என் அப்பாவிடம் சட்டை அளவு கேட்டேனாம். வீட்டுக்காரர் இப்போது சொல்லிச் சிரிக்கிறார், அன்றைக்குச் சிரிக்கவில்லை. 108 வந்து தர்மபுரி ஜி.எச்.சில் சேர்த்தபோது நாடி 160. டெங்குவா டைபாய்டா என்று பேச்சு ஓடும்போது அவர் சட்டைப் பையிலிருந்து பழைய சீட்டை எடுத்து நீட்டியிருக்கிறார், பிழைத்தது அந்தச் சீட்டால்தான். தைராய்டு ஸ்டார்ம் என்றார்கள், அதாவது தைராய்டு ஹார்மோனின் ஆட்டம் கட்டுமீறி உயிருக்கே ஆபத்தாகிற நிலை.

ஐசியுவில் ஐந்து நாள். மாத்திரையைப் பொடித்து மூக்குக் குழாய் வழியாக, அப்புறம் ஸ்டீராய்டு ஊசி, டிரிப்ஸ், ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருப்பது. மாத்திரை போய் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அயோடின் சொட்டு மருந்து. அயோடின் சுரப்பியைப் பூட்டிவிடுமாம், ஆனால் மாத்திரைக்கு முன்னால் போனால் அதையே வைத்து இன்னும் ஹார்மோன் செய்துவிடும், அடுப்பை அணைக்காமல் விறகு வைக்கிற கதை என்றார் நர்ஸக்கா. நினைவு தெளிந்து வாயாலேயே குடித்தேன். துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி இருக்கும்.

இப்போது 14 மாதமாக மாத்திரை ஓடுகிறது. அடங்காவிட்டால் ஆபரேஷன், இல்லையென்றால் கதிரியக்க அயோடின் என்று சொல்லியிருக்கிறார்கள். அயோடினுக்குப் பிறகு பெரும்பாலும் சுரப்பி ஓய்ந்துபோய் காலம் முழுக்க வேறு மாத்திரை போட வேண்டியிருக்குமாம், அதனால் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொன்றும் சொன்னார்கள்: இந்த கார்பிமசோல் அபூர்வமாகச் சிலருக்கு வெள்ளணுவைக் குறைத்துவிடும், தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும். போன மாதம் தொண்டை கரகரத்து உடம்பு சுட்டது. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வெள்ளணு சரியாகத்தான் இருந்தது, வெறும் சளி. அந்த ஜாக்கெட்டுக்குத்தான் இரண்டு நாள் லேட் என்று திட்டு வாங்கினேன்.